நான்கு சென்டிமீட்டர் பள்ளம்

நள்ளிரவு தாண்டிய நேரம். ஐரோப்பிய நகரம் ஒன்றின் தெருவோரத்தில் ஓர் இளைஞர் மல்லாந்து கிடக்கிறார். பின்மண்டையில் ரத்தம். இரண்டடி தள்ளி, நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. அதன் விளக்கு இன்னும் அணையவில்லை. பார்த்த சாட்சி எவரும் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாள் காலை அந்த உடல் சட்ட மருத்துவரின் மேசைக்கு வருகிறது. வண்டியிலிருந்து தானே விழுந்தாரா? கார் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனதா? யாராவது பின்னாலிருந்து அடித்துப் போட்டுவிட்டு, விபத்துபோல் தோன்ற ஸ்கூட்டரைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்களா? அல்லது ஓடும்போதே இதயம் நின்று, அதன் பிறகு சாய்ந்தாரா? நான்குக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். ஆனால் நான்கும் உடலில் எழுதும் எழுத்து வேறு வேறு. அதைப் படிப்பதுதான் சட்ட மருத்துவம்.

காலால் உந்தித் தள்ளும் குழந்தைகளின் விளையாட்டு வண்டியைப் போலவே இருக்கும் இந்த ஸ்கூட்டர், பத்தாண்டுகளுக்குள் அந்த மருத்துவத்தின் முன் புதிய கேள்விகளை வைத்துவிட்டது. நம் ஊரில் மின்ஸ்கூட்டர் என்றால் உட்கார்ந்து ஓட்டும் இருசக்கர வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதன் தம்பியைப் பற்றி: ஒரு பலகை, ஒரு கம்பம், குறுக்கே ஒரு கைப்பிடி, இரண்டு குட்டிச் சக்கரம், அடியில் ஒரு மின்கலம்.

ஓராண்டில் 249 பேர்

2017 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரத் தெருக்களில் 'பேர்ட்' என்ற நிறுவனம் வாடகை மின்ஸ்கூட்டர்களை இறக்கியது. கைபேசிச் செயலியில் தட்டினால் பூட்டு திறக்கும். வேண்டிய இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். பேருந்து நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிடச் சுலபமாகக் கடக்க வழியில்லை என்று மக்கள் நினைத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு அது பரவியது.

வண்டிகள் இறங்கிய அந்த முதல் ஆண்டில், அப்பகுதியின் இரண்டு மருத்துவமனைகளுடைய அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, மின்ஸ்கூட்டரால் காயம்பட்டு வந்தவர்கள் 249 பேர். அவர்களில் 100 பேருக்குத் தலைக்காயம், 79 பேருக்கு எலும்பு முறிவு. ஓட்டிவந்த 228 பேரில் ஹெல்மெட் அணிந்திருந்ததாகப் பதிவானவர்கள் 10 பேர் மட்டுமே. மீதி 21 பேர் ஸ்கூட்டரில் ஏறவே இல்லை. அவர்களில் சிலர் மீது வண்டி மோதியது. சிலர் நடைபாதையில் கிடந்த வண்டி தடுக்கி விழுந்தார்கள். சிலருக்கு அதைத் தூக்கும்போது அடிபட்டது.

2018 இலையுதிர் காலத்தில் டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரச் சுகாதாரத் துறையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து இன்னொரு ஆய்வு நடத்தின. காயம்பட்ட 190 ஓட்டுநர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தலையில் அடி. ஹெல்மெட் போட்டிருந்தவர் ஒரே ஒருவர். மூன்றில் ஒருவர், வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வண்டியில் ஏறிய அன்றே விழுந்தவர். மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்ட சம்பவங்கள் ஆறில் ஒன்று அளவுதான். மற்றவர்கள் தாமாகவே விழுந்தவர்கள், அல்லது அசையாத எதையாவது இடித்தவர்கள். பேட்டி கண்டவர்களில் பாதிப்பேர் காரணமாகச் சொன்னது, சாலையில் இருந்த பள்ளத்தையும் வெடிப்பையும்.

இந்தக் கடைசிச் செய்திதான் மொத்தக் கதைக்கும் திறவுகோல்.

சக்கரம் சிறிது, வீழ்ச்சி பெரிது

சைக்கிள் சக்கரத்தின் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். வாடகை மின்ஸ்கூட்டரின் சக்கரம் பெரும்பாலும் 20 முதல் 25 சென்டிமீட்டர். இரண்டும் நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். உடைந்த தார்ச்சாலையில் அந்த உயரம் சாதாரணம். எளிய நெம்புகோல் கணக்குப்படி, பெரிய சக்கரம் அந்த விளிம்பின் மேல் ஏற, அதன் மீது அழுந்தும் எடையில் ஏறத்தாழ பாதிக்குச் சமமான விசை முன்னோக்கி வேண்டும். 20 சென்டிமீட்டர் சக்கரத்துக்கோ, அழுந்தும் எடையைப்போல் 1.3 மடங்கு வேண்டும். பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டிவிடும். சின்னச் சக்கரம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டி நின்றுவிடும். மேலே நிற்பவர் நிற்க மாட்டார். அவர் உடலின் எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கிறது. சைக்கிளில் இருப்பதுபோல் இருக்கையும் இல்லை, பின்னால் நீண்ட உடற்சட்டமும் இல்லை. முன்சக்கரத்தையே அச்சாகக் கொண்டு உடல் முன்பக்கமாகச் சுழன்று தலைகுப்புற விழுகிறது.

பலகையின் மேல் நிற்கும் ஒருவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து எந்தத் தடையுமின்றி விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 21 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். இது புவியீர்ப்பு மட்டும் தரும் வேகம். வண்டி முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்த வேகம் இதோடு சேர வேண்டும். ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் மோதவிட்டுத் தரம் பார்க்கும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 19.5 கிலோமீட்டர். நின்று ஓட்டுபவரின் தலை, ஹெல்மெட்டின் சோதனை எல்லையை விழுவதாலேயே தொட்டுவிடுகிறது. வெறுந்தலையோடு விழுபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உடலில் பதியும் வரைபடம்

முன்புறமாக விழும் மனிதர் கைகளை நீட்டித் தரையைத் தடுக்கப் பார்ப்பார். இது தானாக நிகழும் அனிச்சைச் செயல். அதனால் உள்ளங்கைச் சிராய்ப்பு, மணிக்கட்டு முறிவு, முழங்கையை ஒட்டிய ஆர எலும்பின் தலைப்பகுதி முறிவு, காறை எலும்பு முறிவு ஆகியவை ஸ்கூட்டர் விபத்தில் வழக்கமாகக் காணப்படுபவை. கைகள் தடுக்கத் தவறினால் அடுத்து வாங்குவது முகம்: மோவாய்க் கிழிசல், தாடை முறிவு, கன்ன எலும்பு முறிவு, உடைந்த முன்பற்கள். சைக்கிள் ஹெல்மெட் மண்டையைத்தான் காக்கிறது; மோவாயையும் பல்லையும் திறந்தே விடுகிறது. அதனால் இந்த வண்டியின் பெருக்கத்தை நரம்பியல் அறுவை மருத்துவர்களோடு பல் மருத்துவர்களும் முகத்தாடை அறுவை மருத்துவர்களும் சேர்ந்தே உணர்ந்தார்கள்.

உள்ளங்கையைச் சட்ட மருத்துவர் கவனமாகத் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சிராய்ப்பு இருந்தால், விழும்போது அவர் நினைவோடு இருந்தார், தற்காத்துக்கொள்ள முயன்றார் என்று கொள்ளலாம். முகம் சிதைந்திருந்தும் உள்ளங்கை மாசின்றி இருந்தால் வேறு கேள்விகள் எழுகின்றன. கடும் போதையா? விழுவதற்கு முன்பே மயக்கமா? கைப்பிடியைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தாரா? ஒற்றைத் தடயம் தீர்ப்பாகாது. ஆனால் விசாரணையை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்டும்.

இன்னொரு காயம் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும். விழும்போது கைப்பிடி திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்தும். தோலில் காசு அளவுக்கு ஒரு வட்டச் சிவப்பு மட்டும் இருக்கும். உள்ளே கல்லீரல் கிழிந்திருக்கலாம், கணையம் முதுகெலும்போடு நசுங்கியிருக்கலாம், குடல் ஓட்டையாகியிருக்கலாம். ஊமைக்காயம் என்று நம் முன்னோர் சொன்ன சொல் இதற்கு எத்தனை பொருத்தம்! வாய் திறக்காத காயம் அது. அந்த வட்டத் தடத்தின் விட்டத்தை அளந்து, வண்டியின் கைப்பிடி முனையோடு ஒப்பிட்டால் அது பேசத் தொடங்கும்.

விழுந்ததா, அடித்ததா?

தொடக்கத்தில் பார்த்த இளைஞரிடம் திரும்புவோம். காயம் பின்மண்டையில். முதலில் அதன் உயரத்தைப் பார்ப்பார்கள். ஜெர்மன் பேசும் நாடுகளின் சட்ட மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு வழிகாட்டி உண்டு. அதைத் தொப்பி விளிம்பு விதி என்பார்கள். நெற்றியைச் சுற்றித் துண்டை வரிந்து கட்டினால் அது தலையைச் சுற்றி ஓடும் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நின்ற நிலையிலிருந்து விழுபவரின் காயம் பெரும்பாலும் அந்தக் கோட்டிலோ அதற்குக் கீழேயோ இருக்கும். உச்சியை நோக்கி மேலேறிய காயம், ஒருவர் ஓங்கி அடித்திருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பும்.

ஆனால் அந்த விதி பிறந்தது நின்றபடி விழுபவர்களுக்காக. ஓடும் வண்டியிலிருந்து சுழன்று வீசப்படுபவரின் தலை உச்சியிலும் மோதும், நடைபாதை விளிம்பிலும் மோதும், மின்கம்பத்திலும் மோதும். பழைய விதியைக் கண்ணை மூடிக்கொண்டு புதிய வண்டிக்குப் பொருத்தினால், நிரபராதி ஒருவர் கொலைப்பழி சுமக்க நேரிடலாம். உண்மையான கொலை விபத்தாக மூடப்படவும் கூடும். அதனால்தான் இந்த வண்டியின் விழும் முறையைச் சட்ட மருத்துவர் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது.

நம்பகமான மற்றொரு சாட்சி மூளைக்குள்ளேயே இருக்கிறது. அசையாமல் இருக்கும் தலையை ஒரு பொருள் வந்து தாக்கினால், தாக்கிய இடத்துக்கு நேர் அடியில் மூளை கன்றிப்போகும். வேகமாக நகரும் தலை அசையாத தரையில் மோதினால் நேர்மாறு: பின்மண்டை தரையில் பட, மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியின் நுனியும் கன்றிப்போகும். மண்டையைத் திறந்ததும் அடி பின்னாலும் கன்றல் முன்னாலும் இருந்தால், தலைதான் தரையை நோக்கிப் போனது, தடி தலையை நோக்கி வரவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

சிராய்ப்பும் திசை சொல்லும். சொரசொரப்பான பரப்பில் தோல் உரசி இழுபடும்போது, மேல்தோல் சுருண்டு உரசல் முடியும் பக்கத்தில் குவியும். உருப்பெருக்கியில் அந்தக் குவியலைப் பார்த்தால் உடல் எந்தப் பக்கம் சறுக்கியது என்பது தெரியும். மண்டையோட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுக்கோடுகள் இருந்தால், பிந்திய கோடு முந்திய கோட்டைச் சந்தித்ததும் நின்றுவிடும். வெடித்த கண்ணாடியில் மீண்டும் கல் எறிந்தால் புதிய விரிசல் பழைய விரிசலோடு முடிந்துவிடுவதைப்போல. ஜெர்மானியச் சட்ட மருத்துவர் கியோர்க் பூப்பேயின் பெயரால் வழங்கும் இந்த விதி, எந்த அடி முதலில் விழுந்தது என்று வரிசைப்படுத்த உதவுகிறது. ஒரே வீழ்ச்சியால் விளக்க முடியாதபடி, ஒன்றோடொன்று சேராத திசைகளில் மூன்று நான்கு அடிகள் தெரிந்தால், மருத்துவர் காவல் துறையைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

இதயத்தையும் தவறாமல் அறுத்துப் பார்ப்பார்கள். இதயத்தமனி அடைப்பு முதலில் வந்து விழுந்தவரின் தலைக்காயத்தில் ரத்தக்கசிவு குறைவாக இருக்கலாம். இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தானே ரத்தம் பீறிடும்? வலிப்பு வந்து விழுந்தவரின் நாக்கில் பற்கள் பதிந்திருக்கலாம்.

கார் இடித்திருந்தால்

நடந்துபோகும் ஒருவரைக் கார் இடித்தால், முதல் அடி அதன் முன்தடுப்பிலிருந்து காலுக்கு. கணைக்கால் எலும்பு முறியும்போது பலமுறை அதிலிருந்து ஆப்பு வடிவத் துண்டொன்று பெயரும். ஆப்பின் அகன்ற பக்கம் இடித்த திசையிலும், கூர்முனை கார் போன திசையிலும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக்கில் எலும்புகளின் உறுதியைச் சோதித்த ஓட்டோ மெஸ்ஸரரின் பெயரை அந்த ஆப்புக்கு இட்டிருக்கிறார்கள். குதிகாலிலிருந்து முறிவு எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால், இடித்த வாகனத்தின் முன்தடுப்பு உயரத்தை ஊகிக்கலாம்.

ஸ்கூட்டர்காரர் விஷயத்தில் இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். அவர் தரையில் நிற்கவில்லை. தரையிலிருந்து 15 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த பலகையில் நிற்கிறார். அதே கார் அதே உயரத்தில் இடித்தாலும் அவர் காலில் முறிவு அந்த அளவுக்குக் கீழே, கணுக்காலை நோக்கி இறங்கியிருக்கும். இதை மறந்து அளந்தால் தாழ்வான முன்தடுப்புள்ள வேறொரு காரைத் தேடிப் போலீசார் அலைவார்கள். தலை போய் மோதும் இடமும் மாறும்: உயரத்தில் நிற்பவர் காரின் முன்கண்ணாடியின் மேல்பகுதியிலோ கூரை விளிம்பிலோ மோதக்கூடும். செருப்பின் அடியில் பதிந்த உரசல், உடையில் ஒட்டிய பெயின்ட் துணுக்கு, தலைமுடியில் சிக்கிய கண்ணாடித் தூள் ஆகியவை அந்தக் காரின் கையெழுத்து. சக்கரம் உடல்மேல் ஏறியிருந்தால் தோல் கிழியாமலே அடிச்சதையிலிருந்து பிரிந்து, இடையில் ரத்தம் தேங்கி நிற்கும். வெளியே வெறும் கன்றலாகத் தெரிவது, அறுத்துப் பார்த்தால்தான் வெளிப்படும்.

ஓட்டியது யார்?

ஒருவருக்கான பலகையில் இருவர் ஏறுவது உலகெங்கும் நடக்கிறது. 2021 ஜூனில் பாரிஸின் சேன் நதிக்கரை நடைபாதையில் இரண்டு பேர் ஏறிவந்த மின்ஸ்கூட்டர் ஓர் இத்தாலியப் பெண்ணை இடித்தது. விழுந்த அவர் பிழைக்கவில்லை. இடித்தவர்கள் நிற்காமல் போனார்கள். பாரிஸ் மக்களின் மனத்தை அந்த மரணம் வெகுவாகப் பாதித்தது. 2023 ஏப்ரல் 2ஆம் தேதி நடந்த நகர வாக்கெடுப்பில், வாக்களிக்க வந்தவர்கள் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவுதான் என்றாலும், வந்தவர்களில் 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு முடிவோடு அவை நகரத்தை விட்டுப் போயின.

இருவர் ஏறிய வண்டியில், பின்னால் நின்றவரே கைப்பிடியைப் பிடித்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆளுக்கு ஆள் மற்றவர்தான் ஓட்டினார் என்று சொன்னால் எப்படித் தீர்ப்பது? கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தவரின் கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் காயம் எதிர்பார்க்கலாம். கம்பத்தில் மோதியவரின் மார்பிலும் வயிற்றிலும் அதன் தடம் இருக்கும். பின்னால் நின்றவருக்கு முன்னால் இருந்தவரின் உடலே மெத்தையாகியிருக்கும். கைப்பிடியில் மரபணுத் தடயம் எடுக்கலாம். ஆனால் வாடகை வண்டியில் நாளெல்லாம் பலர் கை பட்டிருக்கும் என்பதால் அதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

இங்கே வண்டியே ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது. வாடகை ஸ்கூட்டரில் இருப்பிடம் காட்டும் கருவி உண்டு. பூட்டு திறந்த நேரம், யார் கணக்கில் திறந்தது, வண்டி எங்கே நின்றது என்பவை நிறுவனத்தின் கணினியில் பதிவாகின்றன. உடல் சொல்வதையும் வண்டி சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி, சாதாரணச் சைக்கிள் விபத்துகளில் சட்ட மருத்துவருக்குப் பெரும்பாலும் கிடைத்ததில்லை.

ரத்தக்கட்டில் உறைந்த நேரம்

ஜெர்மனி 2019 ஜூன் 15 முதல் மின்ஸ்கூட்டர்களைச் சாலையில் அனுமதித்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் உச்ச வேகம், 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், காப்பீட்டு ஒட்டி கட்டாயம், ஹெல்மெட் கட்டாயமில்லை. குடித்துவிட்டு ஓட்டினாலோ, காருக்கு உள்ள அதே வரம்புகள்: ஒரு கிலோ ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தால் அபராதம், 1.1 கிராம் எட்டினால், ஓட்டும் தகுதியை முற்றிலும் இழந்தவராகக் கருதிக் குற்ற வழக்கு. இது தெரியாதவர்கள் ஏராளம். அந்த ஆண்டு மியூனிக்கின் பெரும் பீர் திருவிழா நாட்களில் போதையில் வண்டி ஓட்டிச் சிக்கியவர்களில் 414 பேர் மின்ஸ்கூட்டர்காரர்கள். காரை வீட்டில் விட்டுவந்த பொறுப்பானவர்களாகத்தான் அவர்களில் பலரும் தங்களை நினைத்திருப்பார்கள்.

போதை இந்த வண்டியில் காரைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். காரில் சமநிலையை நான்கு சக்கரம் பார்த்துக்கொள்ளும். இங்கே உள்காதும் சிறுமூளையும் கணுக்கால் தசைகளும்தான் நொடிக்கு நொடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆல்கஹால் குழப்புவதும் அவற்றைத்தான். டுசெல்டோர்ஃப் சட்ட மருத்துவ நிறுவனத்தினர் தன்னார்வலர்களுக்கு அளந்து மது கொடுத்து, தடைகள் வைத்த பாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். சட்டம் தண்டிக்கத் தொடங்கும் அளவை எட்டுவதற்கு முன்பே ஓட்டும் திறன் சரிந்தது.

இறந்தவரின் ரத்தத்தில் ஆல்கஹால் அளப்பது எளிதுபோல் தோன்றும், அப்படியல்ல. உடல் அழுகும்போது நுண்ணுயிர்கள் தாமே ஆல்கஹாலை உண்டாக்கும். அதனால் தொடை ரத்தக்குழாயிலிருந்து ரத்தமும், நுண்ணுயிர் எளிதில் எட்டாத கண்விழிக்குள்ளிருந்து திரவமும் எடுத்து ஒப்பிடுவார்கள். விபத்துக்குப் பல மணி நேரம் கழித்து இறந்தவரின் கல்லீரல் அதுவரை ஆல்கஹாலைச் சிதைத்துக்கொண்டே இருந்திருக்கும்: ஒரு கிலோ ரத்தத்துக்கு மணிக்கு சுமார் 0.1 முதல் 0.2 கிராம் வீதம். ஸ்வீடன் அறிஞர் எரிக் விட்மார்க் வகுத்த வாய்ப்பாட்டைத் தொடர்ந்து, பின்னோக்கிக் கணக்கிட்டு விபத்து நேர அளவை மதிப்பிடுவார்கள்.

இதைவிட வியப்பான வழி ஒன்று உண்டு. தலையில் அடிபட்டு மூளை உறைக்கு அடியில் ரத்தம் கசிந்து கட்டியானால், அது உடலின் ரத்த ஓட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுகிறது. கல்லீரல் எட்ட முடியாத மூலை அது. ஆகவே அதற்குள் இருக்கும் ஆல்கஹால், அடிபட்ட நேரத்து அளவை ஒட்டியே நெடுநேரம் தங்கியிருக்கும். ஒருவர் தீவிர சிகிச்சையில் ஒரு நாள் உயிரோடு இருந்து இறந்தாலும், ஓடும் ரத்தத்தில் ஆல்கஹால் மறைந்தே போயிருந்தாலும், அந்த ரத்தக்கட்டு முந்தைய இரவின் உண்மையைப் பொத்தி வைத்திருக்கும்.

உயிரோடு இருப்பவரிடமும் போதை ஆபத்தான வேஷம் போடும். பொட்டெலும்பு முறிந்து அதை ஒட்டிய தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரும். சிலர் விழுந்த உடனே எழுந்து, தெளிவாகப் பேசி, வீட்டுக்குக்கூடப் போய்விடுவார்கள். சில மணி நேரத்தில் உளறல், வாந்தி, மயக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் "குடிச்சிருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுவார்கள். விழுந்தவர் குடித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குறைவான கவனம் அல்ல. தலையில் அடிபட்ட எவரையும் அன்றிரவு தனியே தூங்க விடாதீர்கள்.

ஏறாதவர்களின் காயமும் தீயின் காயமும்

தமிழர்கள் நிறைந்து வாழும் சிங்கப்பூர் இந்த வண்டியின் இன்னொரு முகத்தைக் கண்டது. 2019 செப்டம்பரில் பிடோக் பகுதியில் மின்ஸ்கூட்டர் மோதிய 65 வயது சைக்கிள்காரப் பெண் ஒருவர் சில நாட்களில் இறந்தார். அந்த ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவதை அரசு தடை செய்தது. வயதானவர்களின் காயத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. வயதாக ஆக மூளை சற்றே சுருங்கும். உறைக்கும் மூளைக்கும் இடையிலான சிறு ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும். இளைஞர் ஒருவர் தூசி தட்டி எழுந்துபோகும் வீழ்ச்சியில் அவை அறுந்துவிடும். நடைபாதையில் கண்டபடி சாய்த்துப்போட்ட ஒரு வண்டி, பார்வை மங்கிய பெரியவருக்கு விரித்த கண்ணி.

அதே 2019இல், ஜூலையில், சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடு ஒன்றில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்து ஒருவர் இறந்தார். நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டில் மட்டும் மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் ஆகியவற்றின் லித்தியம் மின்கலத் தீயில் 18 பேர் மாண்டார்கள். நம் வேலூர் அருகே 2022 மார்ச்சில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றிய மின்வண்டி பற்றியெரிந்து தந்தையும் மகளும் உயிரிழந்ததை மறக்க முடியாது. அது உட்கார்ந்து ஓட்டும் வகை. ஆனால் மின்கலத்தின் குணம் ஒன்றே. மின்கலத்துக்குள் ஓர் அறை சூடேறி அடுத்த அறையைச் சூடேற்ற, சில நொடிகளில் தீயும் நச்சுப்புகையும் சீறும். வாசலிலோ நடையிலோ நிறுத்திய வண்டி தப்பிக்கும் வழியையே அடைத்துவிடும். அங்கே சட்ட மருத்துவர் தேடுவது மூச்சுக்குழாயில் படிந்த கரியையும் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடையும். இரண்டும் இருந்தால், தீ பிடித்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், பல சமயம் சுடர் தொடுவதற்கு முன்பே புகை கொன்றுவிட்டது என்று பொருள். தூங்குமிடத்திலும் வாசற்படியிலும் சார்ஜ் ஏற்றாதீர்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் இருப்பது அந்தக் கரிப்படிவுதான்.

பெயர் வைத்தால்தான் எண்ண முடியும்

ஒரு காயத்துக்குப் பெயர் இல்லையென்றால் அது கணக்கில் வராது. நெடுநாள் வரை மருத்துவமனைப் பதிவுகளில் மின்ஸ்கூட்டர் என்று தனி வகை இல்லை. விழுந்தவர்கள் சைக்கிள், ஸ்கேட், மற்றவை என்று சிதறிக் கிடந்தார்கள். அமெரிக்க மருத்துவக் குறியீட்டுப் பட்டியலில் 2020 அக்டோபரில்தான் நின்று ஓட்டும் மின்ஸ்கூட்டரிலிருந்து விழுவதற்குத் தனிக் குறியீடு வந்தது. ஜெர்மனி தனியே எண்ணத் தொடங்கிய பிறகு தெரிந்தது இது: 2021இல் காயம் ஏற்படுத்திய மின்ஸ்கூட்டர் விபத்துகள் 5,535, 2024இல் 11,944. இறந்தவர்கள் 5 பேரிலிருந்து 27 பேராக உயர்ந்தார்கள். வண்டிகளும் பெருகியிருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் எண்ணாத நாட்டுக்கு இந்த உயர்வு கண்ணிலேயே பட்டிருக்காது.

இந்தியாவில் 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட எடை குறைந்த மின்வண்டிகளுக்குப் பதிவெண்ணும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் அவற்றில் போகிறார்கள். அவர்கள் விழும்போது நம் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், நாம் ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்கும் அந்தத் தாளில், வெறுமனே 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்று எழுதினால் போதாது. என்ன வண்டி, என்ன வேகம், ஹெல்மெட் இருந்ததா, சாலை எப்படி இருந்தது, சிராய்ப்பு எந்தத் திசையில் என்று எழுத வேண்டும். காயத்தைக் கழுவித் தைக்கும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவைத்தால் நல்லது. அடிபட்டவர் அணிந்திருந்த சட்டையையும் செருப்பையும் ஹெல்மெட்டையும் வீசிவிடாதீர்கள் என்று வீட்டாரிடம் சொல்ல வேண்டும். நசுங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை, எந்தப் பக்கம் எத்தனை பலமாக மோதியது என்று சொல்லும். அந்த ஒரு தாள் இழப்பீட்டு வழக்குக்கு மட்டுமல்ல, அடுத்தவர் விழாமல் தடுப்பதற்கும் அடித்தளம்.

கட்டைவிரலின் வேலை

2019 ஜூலையில் லண்டனின் பேட்டர்ஸி பகுதிச் சாலைச் சந்திப்பு ஒன்றில், தொலைக்காட்சித் தொகுப்பாளரும் யூடியூப் கலைஞருமான எமிலி ஹார்ட்ரிஜ் மின்ஸ்கூட்டரிலிருந்து நிலைதடுமாறி, லாரி மோதி இறந்தார். பிரிட்டனில் மின்ஸ்கூட்டரால் நேர்ந்த முதல் மரணமாக அது பதிவானது. மரண விசாரணை அதிகாரி லாரி என்ற சொல்லோடு விசாரணையை முடித்துவிடவில்லை. எமிலி ஏன் தடுமாறினார் என்று கேட்டார். சிதைந்த வண்டியை ஆராய்ந்தார்கள். டயரில் காற்று குறைவாக இருந்தது. அந்த இடத்துக்குப் பொருந்தாத வேகமும் சேர்ந்துகொண்டது.

காற்று இறங்கிய டயர் மேலும் சிறிய சக்கரமாகிவிடுகிறது. நான்கு சென்டிமீட்டர் விளிம்பு அதற்கு இன்னும் உயரமாகத் தெரியும். 'தலைக்காயத்தால் மரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் மருத்துவக் கடமை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் இத்தகைய எந்தக் காயத்துக்கு முன்னாலும் ஒரு பள்ளம் இருந்திருக்கலாம், ஒரு டயர் இருந்திருக்கலாம், ஒரு கோப்பை மது இருந்திருக்கலாம், வீட்டிலேயே மாட்டி வைத்த ஹெல்மெட் ஒன்று இருந்திருக்கலாம். அவற்றின் பெயர்களும் அறிக்கையில் ஏறி, பிணவறையைத் தாண்டிச் சாலைப் பொறியாளரின் மேசைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் ஒரு மரணத்தை முழுதாகப் படித்தவர்கள் ஆவோம்.

அந்த அறிக்கைகளிலிருந்து நமக்கும் ஒரு சிறு வேலை மிஞ்சுகிறது. வண்டியில் ஏறும் முன் குனிந்து, முன்டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் காற்றடித்துவிட்டுப் புறப்படுங்கள்.